வெள்ளிக்கிழமை கழுவிய ஃபில்டர்

கண்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் மீன்தொட்டிக் கடைகளில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். உங்களில் சிலர் என்னை அண்ணன் முறையில் அலவத்துகொட நானா என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்தத் தொழிலில் என் வேலை விற்பது அல்ல. வீடு வீடாகப் போய்த் தொட்டி பூட்டுவதும் பழுது பார்ப்பதும்தான். இப்போது முழங்கால் இரண்டும் ஒத்துழைப்பதில்லை. தொட்டிக்கு முன்னால் குந்த முடியாதவனுக்கு இந்தத் தொழிலில் இடமில்லை என்பதால் வீட்டோடு இருக்கிறேன். ஆனால் வாய் இருக்கிறது, கோபமும் அப்படியே இருக்கிறது.

போன வாரம் கண் மருந்து வாங்க டவுனுக்கு வந்தபோது, பழக்க தோஷத்தில் ஒரு கடைக்குள் நுழைந்தேன். ஓர் இளம் சோடி நின்றுகொண்டிருந்தது. "முதல் தடவையா கடல் மீன் வளர்க்கப் போறோம், என்ன ஃபில்டர் போடணும்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. கவுண்டரில் இருந்தவர் அவர்களிடம் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கவில்லை. மேல் தட்டில் பளபளவென்று இருந்த பெட்டியை இறக்கி, இதைவிட நல்லது இலங்கையிலேயே இல்லை என்றார். அடுத்த நிமிடம் வலையை எடுத்து மீன் பிடிக்கத் தொடங்கிவிட்டார். தொட்டி, உப்பு, ஃபில்டர், மீன் எல்லாம் ஒரே பையில், ஒரே மாலையில். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்நியக் கடையில் சண்டை போடக் கூடாதென்று வெளியே வந்துவிட்டேன். அங்கே விழுங்கியதை இங்கே கொட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஃபில்டர் என்பது தேயிலை வடிகட்டி அல்ல. தண்ணீரில் மிதக்கும் தூசியை அது பிடிப்பது உண்மைதான், ஆனால் மீனை உயிரோடு வைத்திருப்பது அந்த வேலை அல்ல. மீன் தின்று கழிப்பது தண்ணீரில் நஞ்சாக மாறுகிறது. அந்த நஞ்சைத் தின்று தீர்க்கும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் ஃபில்டருக்குள் இருக்கும் ஸ்பொஞ்சிலும் பீங்கான் வளையங்களிலும் குடியேற வேண்டும். நல்ல கிருமிகள் அவை. அவை பெருகப் பல வாரங்கள் எடுக்கும். அதுவரை எவ்வளவு பெரிய மெஷின் வாங்கிப் பூட்டினாலும் அது வெறும் பிளாஸ்டிக் பெட்டிதான். உப்பில்லாத நல்ல தண்ணீர் மீன் கொஞ்சம் தாங்கும். கடல் மீன் தாங்காது.

ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர் வந்து கேட்டால் பெட்டியை எடுக்காதீர்கள், கேள்வியை எடுங்கள். உங்கள் பக்கம் கரண்ட் அடிக்கடி போகுமா? தொட்டியை யார் பார்த்துக்கொள்வார்? மீன் இல்லாத தொட்டியை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமை இருக்கிறதா? இதெல்லாம் கேட்ட பிறகு என்னிடம் கேட்டால், அழுக்கை நுரையாக்கி வெளியே தள்ளும் சின்ன ஸ்கிம்மர் ஒன்று, வளையங்கள் போட்ட திறந்த பெட்டி ஒன்று, மேல் தண்ணீரை அசைக்கும் பம்ப் ஒன்று, கரண்ட் போனால் ஓட பற்றரியில் வேலை செய்யும் காற்று மோட்டார் ஒன்று, இவ்வளவு போதும் என்பேன். மூடிய கனிஸ்டர் ஃபில்டரை நம் ஊரில் புதியவர் கையில் கொடுக்க மாட்டேன். கரண்ட் போய்ப் பல மணி நேரம் ஆனால் அதற்குள் இருக்கும் தண்ணீர் மூச்சு முட்டிக் கெட்டுவிடும். கரண்ட் வந்ததும் அந்தக் கெட்டதையெல்லாம் ஒரே மூச்சில் மீனின் மேல் கக்கும். இது கடைக்காரர் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே விற்கிறார்கள், அதுதான் என் வயிற்றெரிச்சல்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

நான் கண்டியில் ஒரு கடையில் பழுது பார்ப்பவனாக இருந்த காலம். கடையின் பெயர் வேண்டாம், இப்போது அந்தப் பெயரில் கடையும் இல்லை. முதலாளி பேச்சில் கெட்டிக்காரர். வந்தவரை வெறுங்கையோடு அனுப்பியதே கிடையாது. ஒருநாள் சுதாகர் என்ற இளைஞர் புது மனைவியோடு கடைக்கு வந்தார். கட்டுகஸ்தோட்டையில் வீடு, டவுனில் புடைவைக் கடை, வீட்டில் தாயும் இவர்கள் இருவரும் மட்டும். மனைவி தர்ஷினி திருகோணமலைப் பெண். கடற்கரைக்கு அடுத்த தெருவில் பிறந்து வளர்ந்தவர். கல்யாணம் முடித்து மலைக்கு வந்த பிறகு கடல் இல்லாத குறையைச் சொல்லிக்கொண்டே இருந்தாராம். கடலைக் கொண்டுவர முடியாது, ஒரு துண்டாவது கொண்டுவருவோம் என்று சுதாகர் ஆசைப்பட்டார். அன்பில் செய்த காரியம். அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

அன்று நான் கலகெதரவில் ஒரு வீட்டில் பம்ப் மாற்றிக்கொண்டிருந்தேன். நான் இல்லாதது முதலாளிக்கு வசதியாகப் போயிற்று. மூடிய கனிஸ்டர் ஃபில்டர், அதற்கு மேல் கிருமி கொல்லும் ஊதா விளக்கு, பெரிய உப்புப் பை எல்லாவற்றையும் கட்டிக் கொடுத்துவிட்டார். ஸ்கிம்மர் இல்லை. மறுநாள் நல்ல நாள், வளர்பிறை, மீனை அன்றே விட்டால் நல்லது என்று தாய் சொல்லியனுப்பியிருந்தார். முதலாளி என்ன சொல்லியிருக்க வேண்டும்? தொட்டியை நல்ல நாளில் நிரப்புங்கள், மீனுக்கு வேறொரு நல்ல நாள் பார்ப்போம் என்று சொல்லியிருக்கலாம். வளர்பிறை மாதா மாதம் வரத்தானே செய்கிறது. அவர் சொல்லவில்லை. செம்மஞ்சளில் வெள்ளைப் பட்டி போட்ட க்ளவுன் மீன்களையும் நீலக் குட்டி மீன்களையும் பிடித்துப் பையில் போட்டு அனுப்பினார்.

மீன் செத்தது. சுதாகர் வந்து கேட்டார். கொண்டுபோன விதம் சரியில்லை என்று சொல்லி முதலாளி வேறு மீன் விற்றார். அதுவும் செத்தது. ஃபில்டரைக் கழுவுகிறீர்களா, வாரா வாரம் நன்றாகக் கழுவ வேண்டும் என்று சொல்லி மறுபடியும் மீன் விற்றார். அதுவும் போயிற்று. மூன்றாவது தடவை சுதாகர் கொஞ்சம் சூடாகவே பேசியிருக்கிறார். அப்போது முதலாளி தன் கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

"சில வீட்ல அப்படித்தான் தம்பி. கடல் மீனுக்குக் கை ராசி வேணும். தொட்டிய யாரு பாத்துக்கிறாங்க?"

"வைஃப்தான்."

"அப்ப வேற யாரையாவது தீன் போடச் சொல்லிப் பாருங்க."

இந்தக் கை ராசிப் பேச்சு அவருக்குப் பழக்கமான ஒன்று. பதில் இல்லாத இடத்தில் எல்லாம் அதைப் போட்டு மூடுவார். கேட்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள் என்றுதான் கடையில் எல்லோரும் நினைத்திருந்தோம். அந்தப் பேச்சு கடைப்படியை விட்டு இறங்கி, பஸ் ஏறி, ஒரு வீட்டுக்குள் போய் உட்காரும் என்று யாரும் நினைக்கவில்லை.

சில நாள் கழித்து முதலாளி என்னைக் கூப்பிட்டார். "கட்டுகஸ்தோட்டையில தொட்டி வேணாமாம். போய்க் கழட்டிட்டு வா. அங்க ஒண்ணும் கதைக்காத." வேனை எடுத்துக்கொண்டு போனேன்.

வீட்டு வாசலில் ஒரு பயணப் பை இருந்தது. முன் அறையில் கதிரையில் ஒரு பெரியவர், வெள்ளைச் சட்டை போட்டு, வந்த களைப்பு தீராமல் உட்கார்ந்திருந்தார். முன்னால் தேநீர் ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. அவர் தர்ஷினியின் தகப்பன், அன்று காலையில்தான் திருகோணமலையிலிருந்து வந்தவர் என்று சுதாகர் சொன்னார். மகளைப் பார்க்க வந்திருக்கிறார் என்று நான் நினைத்தேன். சுதாகரின் தாய் என்னை மரியாதையாகத்தான் வரவேற்றார்.

"வாங்க நானா. இத மொதல்ல எடுத்துட்டுப் போயிருங்க. மனசே சரியில்ல."

"என்னம்மா, என்ன நடந்திச்சி?"

"என்னத்தச் சொல்றது. புள்ளைக்கு இந்த வீடு ஒத்துக்கல போல. கொஞ்ச நாளைக்கு அவங்க அப்பாகூடப் போய் இருக்கட்டும்னு சொல்லிட்டோம். வந்ததுல இருந்து ஒண்ணு மாத்தி ஒண்ணு. கடையில யாவாரம் கொறஞ்சி போச்சி. என் தம்பி பைக்ல இருந்து விழுந்து கால ஒடச்சிக்கிட்டான். வாயில்லாத மீனுகூட அது கையில நிக்க மாட்டேங்குது. உங்க கடைக்காரரே சொல்லிட்டாரே, கை ராசின்னு."

அந்தக் கடைசி வாக்கியம் காதில் விழுந்ததும் கையிலிருந்த சாமான் பையைக் கீழே வைத்தேன். இத்தனை நாளும் வியாபாரம் குறைந்ததற்கும் கால் உடைந்ததற்கும் அந்தப் பெண்தான் காரணம் என்று சொல்ல அவர்களுக்கே கொஞ்சம் கூச்சம் இருந்திருக்கும். மீன்தான் சாட்சியாக வந்து நின்றது. அந்தச் சாட்சிக்குச் சொல்லிக் கொடுத்தது எங்கள் கடை.

தர்ஷினி அறைக் கதவோரம் நின்றிருந்தார். அழவில்லை. அழுது முடித்த முகம் வேறு மாதிரி இருக்கும், அதுவும் இல்லை. சுதாகர் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாரையும் பார்க்க அவருக்குத் தைரியமில்லை.

ஒன்றும் கதைக்காதே என்று சொல்லித்தான் என்னை அனுப்பியிருந்தார்கள். கழற்றுவதுதானே வேலை என்று ஃபில்டரின் பூட்டைத் திறந்தேன். உள்ளே இருந்த ஸ்பொஞ்சை எடுத்துப் பார்த்தால் புதுத் தலையணைப் பஞ்சு மாதிரி இருந்தது. உயிருள்ள தொட்டியின் ஸ்பொஞ்ச் பழுப்பாக, வழவழவென்று இருக்க வேண்டும். பார்க்க அருவருப்பாகத்தான் இருக்கும், ஆனால் அதுதான் ஆரோக்கியம். மூக்கருகே கொண்டுபோனேன். மஞ்சள் வாசம் அடித்தது.

"இதக் கழுவுறது யாரு?"

தர்ஷினிதான் பதில் சொன்னார். "நான்தான். ஒவ்வொரு வெள்ளியும் கழுவுறனான். வீடு கழுவேக்க இதையும் கழுவச் சொல்லி மாமி சொன்னவா."

"பைப் தண்ணியிலயா?"

"ஓம். பிறகு மஞ்சள் தண்ணியில ஒருக்கா அலசிறது."

தாய் குறுக்கிட்டார். "பின்ன என்னங்க நானா. நடு வீட்டுல மீன் கவுச்சி. வெள்ளிக்கிழம வெளக்கேத்துற வீடு. சுத்தமா இருக்க வேணாமா? கடைக்காரரும் வாரா வாரம் நல்லாக் கழுவச் சொன்னாருன்னு மகன் சொன்னான்."

அப்போது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாரம் முழுவதும் பாவம் அந்தக் கிருமிகள் ஸ்பொஞ்சில் மெல்ல மெல்லக் குடியேறப் பார்க்கும். வெள்ளிக்கிழமை காலையில் குளோரின் போட்ட பைப் தண்ணீர் ஊற்றி, மஞ்சள் போட்டு அவற்றைத் துடைத்தெறிவார்கள். தப்பிப் போய்த் தண்ணீரில் மிதக்கும் மிச்சத்தை ஊதா விளக்கு கொன்றுவிடும். சனி, ஞாயிறில் நஞ்சு ஏறும். மீன் சாகும். விளக்கேற்றிய கையோடு வீட்டில் சாவு என்றால் அந்தத் தாய் அதை எப்படி வாசிப்பார்? அவர் பழகிய முறையில்தான் வாசித்தார். அவருக்கு வேறு முறையில் வாசிக்கச் சொல்லித் தர வேண்டியது யார்? தொட்டியை விற்றவர்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எந்த ஃபில்டருக்கு எந்தக் குழாய் என்பதை யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இந்த மாதிரி நேரத்தில் என்ன பேசுவது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்கு முன்னால் மூன்று வழி இருந்தது. வாயை மூடிக்கொண்டு தொட்டியைக் கழற்றிப் போகலாம். என் முதலாளி சொன்னது அதைத்தான். அல்லது, அம்மா, நீங்கள் கழுவச் சொன்னதுதான் மீனைக் கொன்றது என்று சொல்லலாம். அது பாதி உண்மை. ஆனால் சம்பந்தியை எதிரில் வைத்துக்கொண்டு மாமியாரைக் குற்றவாளி ஆக்கினால், அந்தப் பெண் பிறகு எந்த முகத்தோடு அந்த வீட்டில் இருப்பார்? மூன்றாவது, முழு உண்மையைச் சொல்வது. முழு உண்மை என் கடையின் தலையில்தான் போய் விழும். அதைச் சொன்னால் எனக்கு வேலை போகும் என்பதும் தெரியும். பெண்ணின் பை வாசலில் இருந்தது. யோசிக்க நேரமில்லை.

"அம்மா, கொஞ்சம் கேளுங்க," என்றேன். "இந்த வீட்டுல யார்ட கையிலயும் பிழை இல்ல. பிழை எங்கட கடையில. புதுத் தொட்டியில கடல் மீன் விடக் கூடாது, நாங்க வித்தோம். இந்த ஃபில்டர் உங்களுக்கு ஏத்தது இல்ல, அதையும் வித்தோம். கழுவச் சொன்னதும் நாங்க. எப்பிடிக் கழுவணும்னு சொல்லல. தொட்டியில உள்ள தண்ணியிலயே லேசா அலசணும், அதுவும் எப்பயாவது. கை ராசின்னு சொன்னது பச்சப் பொய். மீன் செத்ததுக்குக் காரணம் தெரிஞ்சிக்கிட்டே சொன்ன பொய்."

பையில் சோதனைத் திரவம் வைத்திருந்தேன். தொட்டித் தண்ணீரைச் சின்னக் குழாயில் எடுத்துச் சொட்டு விட்டேன். தண்ணீர் கடும் பச்சையாக மாறியது. அதுதான் நஞ்சு, நல்ல தண்ணீர் என்றால் மஞ்சளாகவே இருக்கும் என்று காட்டினேன். தாய் அதை உற்றுப் பார்த்தார்.

"கலர மாத்திக் காட்டுறது மந்திரவாதிகூடச் செய்வான் நானா," என்றார்.

நான் சமையலறைக்குப் போய்ப் பைப் தண்ணீரைப் பிடித்து வந்து அதே சொட்டுகளை விட்டேன். மஞ்சளாக நின்றது. இரண்டு குழாய்களையும் அவர் கையிலேயே கொடுத்தேன். அவர் அவற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். பிறகு கதிரையில் உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது.

"அப்ப நான் கழுவச் சொன்னதுனாலயா?"

"இல்லம்மா. சொல்ல வேண்டியவங்க சொல்லாததுனால."

அந்த அறையில் காற்று கொஞ்சம் இளகியது போல இருந்தது. சுதாகர் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். தாய் குழாய்களை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு யோசனை சொன்னார்.

"சரி நானா. நீங்களே சரியான ஃபில்டரப் போட்டுக் குடுங்க. எத்தன மாசம் ஆனாலும் சரி, பொறுப்போம். பொறவு மீன விடுவோம். அதுவே தீன் போடட்டும். மீன் நின்னுருச்சின்னா எல்லாம் சரியாப் போயிரும். இப்ப எதுக்குப் பயணம்."

நான் சந்தோஷப்பட்டேன். எந்த ஸ்கிம்மர், எந்தப் பெட்டி என்று மனதுக்குள் கணக்குப் போடத் தொடங்கிவிட்டேன். தகப்பனும் ஆறிய தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்தார். பிரச்சினை தீர்ந்தது என்று எல்லோரும் நினைத்த நேரத்தில் தர்ஷினி கதவோரத்திலிருந்து முன்னால் வந்தார்.

"வேண்டாம் மாமி."

"ஏம்மா?"

"மீன் உயிரோட இருந்தா நான் நல்லவள். செத்தா கூடாதவள். அப்பிடியோ? அந்தப் பிளாஸ்டிக் பெட்டி ஒழுங்கா வேலை செஞ்சால்தான் நான் இந்த வீட்டில இருக்கலாமோ? மீன் எப்பவாவது சாகத்தான் செய்யும். நாளைக்கு ஒண்டு செத்தால் திரும்பவும் இந்தப் பையைக் கட்டுறதோ?"

குரலை உயர்த்தவில்லை. ஆனால் அப்படி ஒரு கோபத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. பிறகு அவர் கணவனைப் பார்த்தார்.

"நானா வந்து பச்சைத் தண்ணி காட்டினதால உங்களுக்கு என்னில நம்பிக்கை வந்ததெண்டால், அது தண்ணியில வந்த நம்பிக்கை. எனக்கு அது வேண்டாம். தண்ணியைக் காட்டாமலே நீங்கள் சொல்லியிருக்க வேணும்."

சுதாகர் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். தாய் என்னைப் பார்த்தார், நான் ஏதாவது சொல்லி உதவுவேன் என்ற மாதிரி. அந்தப் பிள்ளை சொன்னதில் ஒரு சொல்லைக் கூட மறுக்க முடியாது. தகப்பன் எழுந்து பையைக் கையில் எடுத்தார்.

"பிள்ளை சொல்றது சரி," என்றார். "பஸ்ஸுக்கு நேரமாகுது. நாங்கள் வாறம்."

அனுப்பிவைக்கப்பட இருந்தவர் தானாகவே போனார். இரண்டும் ஒன்றல்ல என்பது அந்த வீட்டில் இருந்த எல்லோருக்கும் விளங்கியது.

நான் தொட்டியைக் கழற்றி ஏற்றிக்கொண்டு கடைக்கு வந்தேன். கடையில் ஆட்கள் நின்றார்கள். அவர்கள் போகட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. நடந்ததை எல்லாம் அவர்களுக்கும் கேட்கும்படியாகவே சொன்னேன். முதலாளியின் முகம் கறுத்தது.

"உன்னத் தொட்டி கழட்டத்தான் அனுப்புனேன். குடும்பத்துல சமாதானம் பேச அனுப்பல."

"குடும்பத்துல சண்டைய மூட்டினது நீங்கதானே," என்றேன். "மீனுக்குக் காரணம் தெரியாட்டித் தெரியாதுன்னு சொல்லிட்டுப் போங்க. பொம்பளப் புள்ளைங்கட தலையில ஏன் வைக்கிறீங்க?"

"வியாபாரத்துல ஆயிரம் பேச்சு இருக்கும். எல்லாத்தையும் பெரிசா எடுக்கக் கூடாது."

அதற்குப் பிறகு நான் அந்தக் கடையில் வேலை செய்யவில்லை. நிறுத்தினார் என்று அவர் சொன்னார், விட்டேன் என்று நான் சொன்னேன், எப்படியோ போகட்டும். என் பையைத் தூக்கிக்கொண்டு தனியாக வீடுகளுக்குப் போகத் தொடங்கினேன்.

கொஞ்ச காலம் கழித்து சுதாகர் என்னைத் தேடிக்கொண்டு அலவத்துகொடைக்கே வந்தார். மெலிந்துபோயிருந்தார். உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தேன். எந்த ஸ்கிம்மர் வாங்க வேண்டும், எந்தப் பெட்டி வைக்க வேண்டும், எல்லாவற்றையும் நானே வந்து சரியாகப் பூட்டித் தர வேண்டும் என்று கேட்டார். தொட்டி நல்லபடியாக நின்ற பிறகு போய் மனைவியைக் கூட்டிவரலாம் என்பது அவருடைய திட்டம்.

"அம்மாக்கிட்ட ஏதும் சொன்னீங்களா தம்பி?"

"இல்ல நானா. மொதல்ல தொட்டி சரியாகட்டும். அப்பறம் பேச ஈசியா இருக்கும்."

எனக்குத் தலை சுற்றியது. இந்த மனிதர் கெட்டவர் அல்ல. ஆனால் தாயிடம் பேச வேண்டிய ஒரு வார்த்தையைத் தானே பேசாமல் ஃபில்டரைப் பேசச் சொல்கிறார். நான் எந்த ஃபில்டரைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாலும் அது அந்த வேலையைச் செய்யாது. அன்று அது நல்ல வியாபாரமாகியிருக்கும், எனக்கு அப்போது வேலையும் குறைவு. ஆனாலும் ஒன்றும் விற்கவில்லை.

"உங்களுக்கு நான் ஒரு ஸ்பொஞ்ச் துண்டுகூடத் தர மாட்டேன்," என்றேன். "வீட்டுக்குப் போங்க. அம்மாவ உக்கார வச்சிச் சொல்லுங்க. சொல்லிட்டு பஸ் ஏறுங்க. அதுக்கு ஸ்கிம்மர் தேவப்படாது."

அவர் கோபித்துக்கொண்டுதான் போனார். தேநீரையும் முழுக்கக் குடிக்கவில்லை. ஒரு வாடிக்கையாளரை விரட்டிவிட்டீர்களே என்று என் மனைவி கேட்டாள். விரட்டத்தான் வேண்டும், சில நேரம் விற்காமல் இருப்பதும் நம் தொழிலில் சேர்ந்ததுதான் என்றேன். பிள்ளைகளே, இதை உங்களுக்கும் சொல்கிறேன். கேட்டவருக்கெல்லாம் எடுத்துக் கொடுப்பது விற்பனை ஆகலாம், ஆனால் அது தேர்ந்து கொடுப்பது ஆகாது. காத்திருக்க மாட்டேன் என்கிறவருக்குக் கடல் மீன் கொடுக்காதீர்கள். மீன் செத்துவிட்டது என்று வந்தால் தண்ணீரைக் கொண்டுவரச் சொல்லிச் சோதித்துப் பாருங்கள். காரணம் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், யாரும் உங்களைக் கடித்துத் தின்றுவிட மாட்டார்கள். ராசி, கண்ணூறு, நேரம், இந்த மூன்று சொல்லும் உங்கள் கவுண்டரில் கேட்கவே கூடாது. நம் சனத்தில் இந்தச் சொற்கள் கடைசியில் யார் தலையில் போய் இறங்கும் என்பது உங்களுக்கும் தெரியும்.

பல மாதங்களுக்குப் பிறகு ஒரு மாலையில் என் போன் அடித்தது. தெரியாத இலக்கம். எடுத்தால் தர்ஷினி. திருகோணமலையிலிருந்து பேசினார்.

"நானா, இவர் வந்திருக்கிறார். மாமியும் வந்திருக்கிறா. அவ்வளவு தூரம் பஸ்ஸில வந்தவா. மீனைப் பற்றி ஒரு கதையும் இல்லை. என்ர கையைப் பிடிச்சு, என்னில பிழை, வீட்டுக்கு வா எண்டு சொன்னவா. நாளைக்கு நாங்கள் எல்லாரும் கண்டிக்கு வெளிக்கிடுறம். உங்களுக்குச் சொல்ல வேணும் போல இருந்தது."

அல்ஹம்துலில்லாஹ் என்று மட்டும் சொன்னேன். அவர் உடனே வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"நானா, ஒண்டு கேக்கட்டே. அந்தக் கடைக்காரர் இப்பவும் அப்பிடிச் சொல்லித்தான் விக்கிறாரோ?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. அந்த வாரம்தான் அக்குறணையில் ஒரு வீட்டில் அதே வார்த்தைகளைக் கேட்டிருந்தேன். அந்த வீட்டுக்கும் புதிதாக ஒரு மருமகள் வந்திருந்தார்.

"ஓம்மா. இன்னும் சொல்றாரு."

மறுபக்கத்தில் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"எனக்கெண்டால் கூட்டிக்கொண்டு போக அப்பா வந்தவர்," என்றார் தர்ஷினி. "அப்பா இல்லாத பிள்ளையெண்டால் என்ன செய்யும் நானா?"

அந்தக் கேள்வியை உங்களுக்கே விடுகிறேன். இப்போது கவுண்டரில் நிற்பவர்கள் நீங்கள்.